விற்ற ஒன்பதாம் நாள் நின்ற வண்டி

நான்கு மாதமாக அந்த வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். நடுவிலேயே எழுதியிருந்தால், "பெட்ரோல் பம்ப் போயிருந்தது, மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று ஒரு தப்பான பதிவைப் போட்டிருப்பேன். அதை நம்பி இன்னும் நாலு பேர் நல்ல பம்ப்பைக் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

19 வருடப் பழைய பெட்ரோல் கார். 1.5 லிட்டர், நாலு சிலிண்டர், இஞ்செக்‌ஷன் வண்டி. அதில் 11 வருடம் என் கையில் ஓடியது. மீட்டரில் 1,62,000 கி.மீ. ஆயில் மாற்றியது, பிரேக் போட்டது, பெல்ட் மாற்றியது எல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். கூட வேலை செய்பவரின் தம்பி முதல்முறையாகக் கார் வாங்கப்போகிறேன் என்று தேடிக்கொண்டிருந்தார். வந்தார், பார்த்தார், அரை மணி நேரம் ஓட்டினார், பிடித்துவிட்டது. உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டோம்.

ஒன்பதாம் நாள் மதியம் போன் வந்தது. "அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா இன்ஜின் பிடிக்கல. அம்மா கூட இருக்காங்க." ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார், வழியில் நிறுத்திச் சாப்பிடப் போயிருக்கிறார், திரும்பி வந்து சாவி போட்டால் இந்த நிலை. வண்டி நின்ற இடம் நல்ல வெயில். டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் மறுபடி போன்: "அண்ணா, இப்போ ஸ்டார்ட் ஆயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு தானாவே பிடிச்சுது."

அன்று சாயங்காலம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது முன்னாடியே இருந்துச்சாண்ணா?" இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி படுத்தபிறகு ஞாபகம் வந்தது. போன வெயில் காலத்தில் இரண்டு முறை, வெளியில் நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டபோது, முதல் தடவை பிடிக்காமல் இரண்டாவது தடவை பிடித்தது. பெட்ரோலில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். நோட்டில்கூட எழுதவில்லை. எனக்குத் தூக்கம் போனது அந்த இடத்தில்தான்.

என் ஓட்டத்தையும் அவர் ஓட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பாதி புரிகிறது. நான் தினமும் போக 7, வர 7 கி.மீ. ஓட்டினேன். இரண்டு பக்கமும் கூரை போட்ட நிறுத்தம். வண்டி முழுச் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடும். அவர் வாங்கிய முதல் வாரத்திலேயே 600 கி.மீ. ஓட்டியிருக்கிறார், கிடைத்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். பழுது என்னிடமே இருந்திருக்கிறது. அது வெளியே வர வேண்டிய சந்தர்ப்பத்தை நான் கொடுக்கவே இல்லை.

மறுநாள் அவரிடம் அந்த இரண்டு தடவை நடந்ததைச் சொன்னேன். கழற்றி மாட்டுகிற வேலை முழுக்க என்னுடையது, வாங்கும் சாமானில் பாதி என் கணக்கு என்று பேசிக்கொண்டோம். காகிதப்படி நான் எதுவும் செய்ய வேண்டியதில்லைதான். ஆனால் நோட்டில் எழுதாமல் விட்டது என் கை.

முதல் சனிக்கிழமை பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கவே வேண்டாம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று அவர் முதல் போனிலேயே சொல்லிவிட்டார். இருந்தாலும் பார்த்தேன்: ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4, இன்ஜின் ஓடும்போது 14.2. எல்லாம் சரி. டெர்மினலைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் இடைவெளி 1.3 மி.மீ. ஆகியிருந்தது, இருக்க வேண்டியது 1.1. நாலும் புதிது போட்டோம். ஏர் ஃபில்டரும் மாற்றினோம். அடுத்த மூன்று நாள் வண்டி நிற்கவில்லை. அவரும் அந்த மூன்று நாள் பக்கத்திலேயே ஓட்டியிருக்கிறார் என்பதை நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் 60 கி.மீ. ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். நல்லா ஓடுது என்று சொல்லத்தான் வந்தார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய்ச் சாவி போட்டால், பிடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். முதல்முறையாகப் பழுது என் கண் முன்னால் வந்து நிற்கிறது.

இந்த வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், இன்ஜினுக்குப் போகும் லைனில் பிரஷர் ஏற்றும் சத்தம் அது. அன்று அது வரவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், பம்ப்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே மட்டும் "டிக்" என்றது. நான் போட்ட கணக்கு இது: ரிலே டிக் என்கிறது, ஆகவே ரிலே நல்லது, பம்ப் சத்தம் வரவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது. இந்தக் கணக்கில் இருந்த ஓட்டைதான் இந்தப் பதிவின் மையம். ரிலே டிக் என்றால் உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, தகடு இழுபடுகிறது, அவ்வளவுதான். அந்தத் தகடு வழியாகப் போகும் கரண்ட் வெளியே வந்து பம்ப்புக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. பம்ப் கனெக்டரைப் பிடுங்கி ஒரு பல்பை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வைக்கவில்லை. பம்ப்புக்கும் 19 வயது, போக வேண்டிய காலம்தான் என்று மனசு முந்திக்கொண்டது.

பம்ப் மாற்றிய வேலையை விவரமாகவே எழுதுகிறேன். காரணம் தவறென்றாலும் வேலை ஒழுங்காக நடந்தது, வேறு யாருக்காவது உதவும். பின் சீட்டைத் தூக்கினால் நாலு ஸ்குரூவில் ஒரு தகடு, அதற்குக் கீழே டேங்கின் வாய். முதலில் லைன் பிரஷரை இறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் லைனில் இருக்கும் பெட்ரோலைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். டேங்க் நிரம்பியிருந்தது. வாய் வரைக்கும் பெட்ரோல் நிற்கும்போது திறந்தால் வண்டிக்குள்ளேயே கொட்டும் என்பதால் கைப்பம்ப் வைத்து 12 லிட்டர் கேனுக்கு மாற்றினேன். நாலு கதவும் திறந்து, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

டேங்க் வாயைப் பூட்டும் வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. இதை உளியும் இரும்புச் சுத்தியும் வைத்துத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் இரும்பும் இரும்பும் மோதும் வேலை எனக்கு வேண்டாம். கெட்டி மரக்கட்டை ஒன்றைச் சீவி, வளையத்தின் பல்லில் வைத்து, மரச்சுத்தியால் மாற்றி மாற்றித் தட்டினேன். 25 நிமிடம் ஆயிற்று. பம்ப் வெளியே வந்ததும் அடி வலையில் கறுப்பாகப் படிவு. அதைப் பார்த்ததும், கண்டுபிடித்துவிட்டேன் என்ற நம்பிக்கை இன்னும் கெட்டியானது. 19 வருட டேங்கில் படிவு இல்லாமல் வேறென்ன இருக்கும்? பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருந்தது, வெளியே எடுத்தால் திரும்பத் தன் பள்ளத்தில் உட்காராது. பம்ப் வாங்கும்போதே வளையத்தையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும், நான் வாங்கியிருந்தேன்.

மொத்தம் ஐந்து மணி நேரம். சாவி திருப்பியதும் "ம்ம்ம்" என்றது, அடுத்த நொடி பிடித்தது. நிழலில், நாலு கதவும் திறந்து, ஐந்து மணி நேரம் ஆறிக் கிடந்த வண்டி அது. பழைய பம்ப்போடு இருந்திருந்தாலும் பிடித்திருக்கும்.

ஆறாம் நாள் மறுபடி நின்றது.

இந்தத் தடவை போனில் அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. "அண்ணா, நீங்க கஷ்டப்பட வேணாம். நான் வேற எங்கயாவது காட்டிக்கிறேன்." எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டியை என்னிடம் விடுங்கள், இனிமேல் அளந்து பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்க மாட்டேன் என்றேன். விட்டார்.

போனில் இன்னொரு சின்ன விஷயமும் சொன்னார். முதல் நாள் வண்டி தானாகப் பிடித்ததற்கு முன்னால், அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று நாலு கதவையும் திறந்து வைத்திருந்தார்களாம். பானெட்டைத் திறக்கவில்லை. இன்ஜின் சூடாக இருந்ததுதான் காரணம் என்று நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் ஆறுவது இன்ஜின் இல்லை, வண்டியின் உள்ளறை. அப்படியானால் சூட்டில் கெடும் பொருள் உள்ளறையில் இருக்கிறது. ஓட்டத்தில் கண்ணாடி இறக்கியிருக்கும், காற்று வரும், ஒன்றும் ஆகாது. மூடி வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், அப்போது நின்றுபோகும்.

பழுதை வரவழைக்கத் திட்டம் போட்டேன். சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கிளம்பி 80 நிமிடம் ஓட்டினேன். வெயிலில் கண்ணாடி ஏற்றி, கதவு மூடி நிறுத்தினேன். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தெர்மாமீட்டரின் முனையை நுழைத்து, வயரைக் கதவு இடுக்கு வழியாக வெளியே எடுத்திருந்தேன். கருவிகளை முன்கூட்டியே எடுத்து வைத்தேன்: மல்டிமீட்டர், ஸ்பார்க் பார்க்கும் டெஸ்டர், 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு துண்டு வயர், இண்டிகேட்டரின் 21 வாட் பல்பில் இரண்டு வயர் இழுத்துச் செய்த டெஸ்ட் லாம்ப். பின் சீட்டையும் டேஷ்போர்டின் அடிமூடியையும் முன்பே கழற்றிவிட்டேன். பழுது அரை மணி நேரம்தான் நிற்கும், அதில் ஸ்குரூ கழற்ற நேரம் போகக்கூடாது. 40 நிமிடத்தில் தெர்மாமீட்டர் 58 டிகிரி காட்டியது. சாவி போட்டேன். டிக். ம்ம்ம் இல்லை.

இன்ஜின் லைட் எரிந்து, இரண்டு விநாடியில் அணைந்தது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. ஸ்பார்க் டெஸ்டரைக் கோத்துச் செல்ஃப் அடித்தால் நீலமாகப் பொறி. ஆக இக்னிஷன் சரி. பின் சீட்டுக்கு வந்து பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, மல்டிமீட்டரை வைத்து, வண்டி வாங்கிய தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். 11.8 வோல்ட் காட்டியது.

ஒரு நிமிடம் தலை சுற்றியது. வோல்ட் வருகிறதென்றால் பம்ப்தான் மோசம். ஆனால் பம்ப் புத்தம்புதிது. மீட்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்தேன். மறுபடி சாவி. பல்ப் கண்ணே திறக்கவில்லை.

வயரிங் வேலை பழகுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஒரு மயிரிழைத் தொடர்பு இருந்தாலும் அதற்கு 12 வோல்ட்டும் தெரியும். பம்ப்புக்கோ 4, 5 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரண்டை அந்த மயிரிழையில் இழுத்தால் வோல்ட் எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும், பம்ப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் சுமை வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும். எரிந்தால் வழி திறந்திருக்கிறது, எரியாவிட்டால் எங்கோ அடைப்பு. (பம்ப் வயரில் மட்டும்தான் இப்படிச் செய்யலாம். கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் போகும் மெல்லிய வயர்களில் இவ்வளவு பெரிய பல்பை வைத்தால் கம்ப்யூட்டரோ சென்சாரோ கெட்டுப்போகலாம்.)

அங்கிருந்து ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ரிலேக்குப் போனேன். ஏழு கால் ரிலே. ஒரே பெட்டிக்குள் இரண்டு: ஒன்று கம்ப்யூட்டருக்கும் இஞ்செக்டர்களுக்கும் கரண்ட் கொடுக்கிறது, இன்னொன்று பம்ப்புக்கு. பேட்டரியிலிருந்து உள்ளே வரும் காலில் பல்ப் பளிச்சென்று எரிந்தது. பம்ப்புக்கு வெளியே போகும் காலில், ரிலே டிக் என்று சொல்லும் அதே நொடியில், எரியவில்லை. ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டின் அந்த இரண்டு துளைகளையும் ஃபியூஸ் வைத்த துண்டு வயரால் இணைத்தேன். பின் சீட்டிலிருந்து "ம்ம்ம்ம்" என்று நிற்காமல் சத்தம் வந்தது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். இருவருமே ஒன்றும் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தத் துண்டு வயர் சோதனைக்கு மட்டும். அதை வைத்தே ஓட்டி வீடு போய்விடலாம் என்று தோன்றும். இன்ஜின் நின்றால் கம்ப்யூட்டர் ரிலே வழியாகப் பம்ப்பை நிறுத்தும். நேராக வயர் கொடுத்தால் விபத்தில் லைன் உடைந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ரிலேயை வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் வைத்துத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடியின் இரு பக்கமும் சின்னக் கொக்கி, மெல்லிய ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே ஒரு சிறு போர்டு. கால்களைப் போர்டோடு ஒட்டவைக்கும் ஈயப்பற்றுதான் சால்டர். வெறும் கண்ணுக்கு எல்லாச் சால்டரும் ஒழுங்காகத்தான் தெரிந்தது. 10 மடங்கு பூதக்கண்ணாடி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபிறகுதான் தெரிந்தது: பம்ப்புக்குப் போகும் காலைச் சுற்றி, சால்டர் மேட்டின் நடுவில், மோதிரம் போட்டதுபோல ஒரு கருங்கோடு. பல்குத்தும் குச்சியால் காலை மெல்லத் தள்ளினேன். கால் அசைந்தது, சுற்றியிருந்த சால்டர் அசையவில்லை. 19 வருடமாகக் கரண்ட் ஓடும்போது சூடேறி, நின்றால் ஆறி, விரிந்து சுருங்கி, வண்டியின் அதிர்வும் சேர்ந்து அந்த ஈயத்தை வட்டமாக அறுத்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது இரு விளிம்பும் தொட்டுக்கொள்கின்றன. சூடு ஏறினால் விலகுகின்றன. இவ்வளவு நாள் என்னையும் அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் அலைக்கழித்தது தலைமுடி அகலம்கூட இல்லாத இந்தக் கோடு.

கையில் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னை எடுத்துப் புதுச் சால்டரை மேலே வைத்தேன். தவறு. ரிலேயின் கால் தடித்த பித்தளை. 25 வாட் கொடுக்கும் சூட்டை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. சால்டர் உருண்டையாக மேலே உட்கார்ந்ததே தவிர காலோடு ஒட்டவில்லை. பளபளப்பு இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் ஒரு மாதம் ஓடி மறுபடி நின்றிருக்கும்.

பக்கத்து வீட்டில் 60 வாட், அகல முனை அயர்ன் இரவல் கிடைத்தது. இந்தத் தடவை நிதானமாகச் செய்தேன். செப்புப் பின்னலை வைத்துப் பழைய சால்டரை முழுக்க உறிஞ்சி எடுத்தேன். விரிசலின் மேலேயே புதுசை ஊற்றினால் உள்ளே இருக்கும் அழுக்கு அங்கேயே தங்கிவிடும். காலையும் போர்டின் செம்பையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, முனையைக் காலும் போர்டும் சேரும் மூலையில் வைத்து மூன்று எண்ணினேன். 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), 0.8 மி.மீ. கம்பியை முனையில் வைக்காமல் காலின் மறுபக்கத்தில் தொட்டேன். கால் போதிய அளவு சூடாகியிருந்தால் சால்டர் தானாக ஓடிச் சுற்றி வந்து நிற்கும். ஓடியது. ஆறியதும் சின்னக் கூம்பு மாதிரி, வழவழவென்று. மற்ற ஆறு கால்களுக்கும் அதே வேலை. அதில் இன்னொரு காலிலும் பாதி வட்டம் விரிசல் இருந்தது. அது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கால். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் ஃபிளக்ஸ் கறையைக் கழுவினேன். சால்டரில் ஈயம் இருக்கிறது: ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேசையிலேயே சோதித்தேன். பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்று சுமைக்கு. அது நாலரை ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும், பம்ப் இழுப்பதும் ஏறத்தாழ அதுதான். ரிலே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து, கரண்ட் உள்ளே வரும் காலுக்கும் வெளியே போகும் காலுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளந்தேன். சால்டர் வைப்பதற்கு முன்பே, குளிர்ந்த நிலையில், ஒருமுறை அளந்து குறித்து வைத்திருந்தேன்: 2.3 வோல்ட். அதாவது ஸ்டார்ட் ஆன நாட்களில்கூடப் பம்ப்புக்கு முழு வோல்ட் போகவில்லை. இப்போது 0.06. தலைமுடி உலர்த்தும் டிரையரை வைத்து 15 நிமிடம் சூடேற்றினேன், போர்டில் 72 டிகிரி. பல்பின் வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை, அளவு 0.07. குச்சியால் தட்டிப் பார்த்தேன், அசைத்துப் பார்த்தேன். அதேதான்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனோம். 210 கி.மீ., மூன்று இடத்தில் வெயிலில் மூடி நிறுத்தினோம். ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணி நேரம். மூன்றாவது இடத்தில் உள்ளே 61 டிகிரி. சாவியைத் திருப்பியது தம்பிதான். ம்ம்ம், உடனே பிடித்தது. அவர் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி பிடித்தது. மூன்றாவது தடவையும் திருப்பினார், நான் தடுக்கவில்லை.

செலவுக் கணக்கு. புது ரிலேயின் விலையை 1 என்று வைத்துக்கொண்டால், பிளக்கும் ஏர் ஃபில்டரும் சேர்ந்து 3, பம்ப்பும் ரப்பர் வளையமும் 9. சால்டர், ஃபிளக்ஸ் எல்லாம் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக மொத்தச் செலவு 13, அதில் பழுதுக்கு உண்மையில் தேவைப்பட்டது 1. பிளக் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். பம்ப்பை முழுக்க என் கணக்கில் எழுதிக்கொண்டேன். "பம்ப் புதுசா என் வண்டியிலதானேண்ணா இருக்கு" என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அளக்காமல் வாங்கச் சொன்னது நான் என்று சொல்லி முடித்துவிட்டேன். நேரத்தைக் கூட்டினால் எனக்கு மட்டும் 23 மணி நேரம். அதில் ரிலேயைத் திறந்து, சால்டர் வைத்து, சோதித்தது மூன்று மணி நேரம்தான்.

சால்டர் வைத்த ரிலே வேலை செய்தாலும் புது ரிலேயும் ஒன்று வாங்கி அதைத்தான் மாட்டினோம். தகடுகள் தொடும் இடமும் 19 வருடம் தீப்பொறி பட்டது, அதை நான் சரிசெய்யவில்லை. பழையது ஒரு பையில் போட்டு கிளவ் பாக்ஸில் இருக்கிறது. புதியது நின்றால் வழியிலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கொக்கியை நெம்பினால் கழலும் என்று அவருக்குக் காட்டி, அவர் கையாலேயே இருமுறை கழற்றி மாட்ட வைத்தேன்.

அடுத்த தடவை பழைய வண்டி ஒன்றை விற்க நேர்ந்தால் விளம்பரம் போடுவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டி, வெயிலில் மூடி நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். ராத்திரி முழுக்கக் குளிர்ந்தபின் ஒருமுறை, முழுச் சூட்டில் ஒருமுறை, இரண்டும் வேண்டும். வாங்க வருகிறவரிடம் என் ஓட்டம் எப்படி, உங்கள் ஓட்டம் எப்படி இருக்கும் என்று பேசுவேன். வாங்குகிற இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்பேன்: "இந்த வண்டி கடைசியாக எப்போது நூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடியது?" அரை மணி நேர ஓட்டத்தில் இந்த மாதிரிப் பழுது தலைகாட்டவே காட்டாது. செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டி என்றால் முதலில் பம்ப் சத்தம், அடுத்தது பம்ப் கனெக்டரில் பல்ப், அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவேன். 60 வாட் அயர்ன் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

அந்த நோட்டு இப்போது அவரிடம் இருக்கிறது. கொடுக்கும் முன்னால், போன வெயில் காலத்துப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் எழுதினேன்: "வெயிலில் நிறுத்தியபின் இரண்டு முறை முதல் தடவையில் பிடிக்கவில்லை. கவனிக்காமல் விட்டேன்." கூடவே, வேலை செய்யும்போது கண்ணில் பட்ட இன்னொன்றையும் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்: ரேடியேட்டரின் கீழ்க்குழாய் கிளாம்ப் பக்கத்தில் உப்பி, அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, சீக்கிரம் மாற்ற வேண்டும். போன வாரம் அவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். என் வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில்: "கீழ்க்குழாய், இரண்டு கிளாம்ப், கூலன்ட் மாற்றியது. 1,69,340 கி.மீ. நானே மாட்டினேன்."